முத்துப்பேச்சியின் நிழல்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. ஆவுடைச்செல்விக்கு அதுதான் பிழைப்பு. 'பொருநை வேங்கைகள்' என்ற பெண்கள் கபடி அணியில் அவள் மதிப்பீட்டாளர். லீக் நடத்தும் இளையோர் தேர்வில் ஒவ்வோர் ஆண்டும் அணி புதிதாக நான்கு பெண்களை எடுக்கும். ஓராண்டு தங்கவைத்து, சோறு போட்டு, ஆடவிட்டுப் பார்க்கும். ஆண்டு முடிவில் மூவரை வைத்துக்கொண்டு ஒருத்தியை ஊருக்கு அனுப்பிவிடும். அந்த ஒருத்தி யார் என்று சொல்வதுதான் ஆவுடையின் வேலை.

நால்வரில் ஒருத்தி என்பது லீக் விதி ஒன்றும் இல்லை. அணியின் முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி வைத்த வழக்கம். பலசரக்குக் கடையில் தொடங்கிக் காற்றாலை வரைக்கும் வளர்ந்த மனிதர். "நாலு தேங்கா வாங்குனா ஒண்ணு அழுகல் இருக்கத்தான் செய்யும். உடைச்ச பொறவு வருத்தப்பட்டு என்ன செய்ய? முதல்லயே தட்டிப் பாத்துக் கழிச்சிறணும்" என்பார். தட்டிப் பார்க்கத்தான் ஆவுடை.

அவள் கழித்த பெண்களில் ஒருத்திகூடப் பிற்பாடு வேறெங்கும் ஆடிப் பேர் வாங்கியதில்லை. தேறுவாள் என்று அவள் சொன்னவர்கள் எல்லாரும் தேறினார்கள். "ஆவுடை கண்ணு தப்பாது" என்று பாளையங்கோட்டை ஆட்டக்களத்தில் தண்ணீர்க் கேன் போடுகிறவர் வரைக்கும் சொல்வார்கள். அவள் மறுக்கமாட்டாள். உள்ளதை மறுப்பது பொய்யடக்கம் என்பது அவள் எண்ணம்.

இந்தப் பெருமையில் பங்கு கேட்டு வந்து சேர்ந்ததுதான் நிழலாட்டம். அது ஓர் இயந்திரம். ஆட்டக்காரிகள் பயிற்சியிலும் போட்டியிலும் அணியும் பனியனுக்குள் மெல்லிய உணரிகள் பின்னியிருக்கும். ஓட்டம், விழுதல், மூச்சு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் இயந்திரத்துக்குப் போய்ச் சேரும். ஓராண்டு அப்படிச் சேர்ந்துவிட்டால், அந்தப் பெண்ணின் நிழல் ஒன்று இயந்திரத்துக்குள் எழுந்து நிற்கும். அவளைப் போலவே ஆடும், அவளைப் போலவே களைக்கும், அவளைப் போலவே கோபப்படும். வரப்போகும் பத்து சீசன்களை அது ஒரே மதியத்தில் ஆடி முடித்துவிடும். நிழலுக்குச் சோறு வேண்டாம், பஸ் காசு வேண்டாம் என்பதில் அண்ணாச்சிக்குப் பரம திருப்தி.

நிழலாட்டத்தின் முடிவும் ஆவுடையின் முடிவும் இதுவரை ஒருமுறைகூட முரண்பட்டதில்லை. இயந்திரத்துக்கும் கண் இருக்கிறது என்று அவள் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டாள்.

இந்த ஆண்டும் நிழலாட்டத்தில் அப்படித்தான் வந்தது. ரஹ்மத் நிஷா, காந்திமதி, பிரிஸ்கில்லா மூவரும் பத்து சீசனும் நின்று ஆடினார்கள். முத்துப்பேச்சி இரண்டாவது சீசனில் சரிந்தாள். மூன்றாவதில் ஆட்டத்தையே விட்டாள். ஆவுடை அரையாண்டுக் கூட்டத்திலேயே அதைச் சொல்லியிருந்தாள். பாடிப் போகிறவள், அதாவது ஒரே மூச்சில் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டு எதிராளியின் பக்கம் புகுந்து, ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டியவள், கண்ணை எதிராளிமேல் வைத்திருக்க வேண்டும். முத்துப்பேச்சியோ ஒவ்வொரு தடவையும் நடுவில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். "கோடு எங்க இருக்குன்னு பாக்கவளுக்கு எப்பவும் வீட்டு நெனப்புத்தான். அது பயம். பயந்தவ பாடிப் போக லாயக்கில்ல" என்றாள் ஆவுடை. விளையாட்டு விடுதியில் அவள் ஆடிப் பழகிய காலத்தில் அங்கிருந்த மாஸ்டர் அவளுக்குச் சொல்லித் தந்த பாடம் அது. அதை அவள் யாருக்கும் தள்ளுபடி செய்ததில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும், அண்ணாச்சி போனில் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

"ஏம்மா ஆவுடை, முதல் ஆளா எடுத்த பிள்ளையையா கழிக்கச் சொல்லுத? அது ஊர்ல எம் படத்தையும் சேத்துப் பிளெக்ஸ் வச்சிருக்காவ. நாளைக்கு வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"நிழலும் அதைத்தானே அண்ணாச்சி சொல்லுது."

"நிழல் சொல்லிச்சுன்னு ஊர்க்காரன்கிட்ட சொல்ல முடியுமா? எந்த ஆட்டத்துல, எப்படிக் கவுந்தான்னு காரணத்தோட வா. காலைல பேசுவோம்."

அதனால்தான் அன்று மதியம் அவள் தயாளனின் அறைக்குப் போனாள். தயாளன் கோயம்புத்தூர்க்காரன், நிழலாட்டத்தை மேய்ப்பவன். இயந்திரத்துக்கு ஏசி போட்டுத் தான் ஸ்வெட்டரில் இருப்பவன். ஆவுடை இத்தனை ஆண்டுகளில் கடைசி எண்களைத்தான் வாங்கிப் பார்த்திருக்கிறாளே தவிர, நிழல்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை முழுக்கவா பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி.

"பேச்சி எங்க சரியிதான்னு காட்டு" என்றாள்.

திரையில் சாம்பல் நிற உருவங்கள் எழுந்தன. முகம் கிடையாது. ஆனாலும் முத்துப்பேச்சியை அவளால் சட்டென்று கண்டுபிடிக்க முடிந்தது. உள்ளே போகுமுன் வலது உள்ளங்கையைத் தொடையில் ஒருமுறை துடைத்துக்கொள்ளும் பழக்கம் நிழலுக்கும் இருந்தது. ஆவுடைக்கு என்னவோ போல் ஆனது.

முதல் சீசன் ஓடியது. நிழல் பேச்சி உள்ளே போனாள், இரண்டு பக்கமும் ஆட்டம் காட்டினாள், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். அந்த நொடியில் மூலையில் நின்ற பிடிகாரி பாய்ந்தாள். பாய்ந்தவளின் தோளை நிழல் பேச்சியின் கால் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்தது. புள்ளி.

"இன்னொண்ணு காட்டு."

இன்னொன்றிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். பேச்சி திரும்பிப் பார்ப்பாள், பார்க்கிறாளே என்று எதிராளி பாய்வாள், பாய்ந்தவள் மாட்டிக்கொள்வாள். சில தடவை பேச்சியே மாட்டிக்கொண்டாள். ஆவுடையின் நினைவில் இருந்தவை அந்தச் சில தடவைகள் மட்டும்தான்.

"இதெல்லாம் நெசத்துல நடந்ததா, நிழல்ல நடந்ததா?" என்று கேட்டாள்.

"நெசத்துல இருந்துதானுங்க்கா நிழலு கத்துக்குது. போன சீசன் அவ எடுத்த புள்ளில முக்கால்வாசி இப்படித் திரும்பிப் பார்த்த கையோட எடுத்ததுதான்."

"நான் ஏன் அதைப் பாக்கல?"

தயாளன் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். நல்ல பையன், சில கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது தெரிந்தவன்.

இரண்டாவது சீசன். நிழல் பேச்சி உள்ளே போனாள், ஆட்டம் காட்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை. எதிராளி பாயவில்லை. மெல்ல மெல்லச் சுற்றி வளைத்தார்கள். பேச்சி பின்வாங்கினாள், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தாள். அடுத்த தடவையும் ஒரு சாண். அடுத்த ஆட்டத்தில் அரை முழம். பிறகு அவளை வெளியே உட்காரவைத்தார்கள். நிழல், வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வலது உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தது.

"ஏன் பாக்கறதை நிறுத்திட்டா?"

"அது மாஸ்டரு பழக்கினதுங்க்கா. நம்ம அணிக்குப் பயிற்சி குடுக்கற வேலாயுதம் மாஸ்டரோட நிழலு. திரும்பிப் பார்த்தா மைதானத்தைச் சுத்தி ஓட்டம்னு தண்டனை குடுக்கறாரு. பாருங்க."

"அவருக்கு எவ சொன்னா?"

தயாளன் அவளைப் பார்த்தான். "நீங்கதானுங்க்கா."

"நானா? நான் எப்பய்யா உள்ள போனேன்?"

"மொதல்ல இருந்தே உள்ளதானுங்க இருக்கீங்க." அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். "ஆட்டக்காரி நிழலை மட்டும் விட்டா பத்து சீசன் எப்படிங்க ஓடும்? யாரை எறக்கறது, யாரை உட்கார வெக்கறதுன்னு ஒருத்தரு முடிவு பண்ணோணும்ல? அதுக்கு மாஸ்டரு நிழலு இருக்குது, அண்ணாச்சி நிழலு இருக்குது, உங்க நிழலும் இருக்குது. நீங்க இத்தனை வருசமாக் கூட்டத்துல பேசுனதெல்லாம் பதிவுல இருக்குதில்லீங்க, அதுல இருந்து செஞ்சது. நீங்க சொல்றதை வெச்சு மாஸ்டரு பழக்கறாரு. பழக்குனதுல புள்ள கெட்டுப்போறா. கெட்டுப்போயிட்டான்னு நான் உங்களுக்கு எண் தர்றேன்."

"அந்த எண்ணைப் பாத்துட்டு, பாத்தியா, நான் சொன்னது சரின்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"ஆமாங்க்கா."

ஆவுடைக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நாலு வருடமாக ஓர் இயந்திரம் தன்னை ஆமோதிக்கிறது என்று நினைத்திருந்தாள். கண்ணாடியில் தெரியும் ஆள் தலையாட்டினால் அதற்குப் பெயர் ஆமோதிப்பா?

"இதை ஏன் முன்னாலயே சொல்லல நீ?"

"யாரும் கேட்கலீங்க்கா. எண்ணைக் கேட்டீங்க, எண்ணைக் குடுத்தேன்."

அதுவும் நியாயம்தான். அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உள்ள இருக்க என் நிழல் இப்படி என்னைக்காவது உங்கிட்ட வந்து, என்ன நடந்துச்சு காட்டுன்னு கேட்டிருக்கா?"

தயாளன் தேடிப் பார்த்தான். "இல்லீங்க்கா. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருது."

சவம், என்று மனதுக்குள் திட்டினாள். தன்னையேதான் திட்டினாள்.

"சரி. பேச்சியைப் பத்தி நான் சொன்னதை மட்டும் எடுத்துட்டு ஓட்டு."

அவன் ஓட்டினான். முத்துப்பேச்சி எழுந்தாள். பத்து சீசனும் நின்று ஆடினாள். நால்வரில் முதல் ஆளாக நின்றாள். ஆவுடைக்கு மூச்சு வந்தது. பத்து நொடிகூட அது நீடிக்கவில்லை. பிரிஸ்கில்லா இரண்டாவது சீசனில் விழுந்து கிடந்தாள்.

"அவளுக்கு என்ன?"

"நாலுல ஒண்ணைக் கழிச்சாகோணும்லீங்க. பேச்சி இல்லீன்னதும் உங்க நிழலு பிரிஸ்கில்லாவைப் பிடிச்சுக்குது. உடம்பு போடறான்னு சொல்லுது. மாஸ்டரு சோத்தைக் குறைக்கறாரு. புள்ள மயங்கி விழறா." தயாளன் தயங்கினான். "பிரிஸ்கில்லாவைப் பத்தியும் சொல்லாதீங்கன்னு வெச்சா, காந்திமதிக்குப் போவுது. நான் ஓட்டிப் பார்த்திருக்கறேன்."

"என்னை மொத்தமா வெளிய எடு."

"எடுத்தா நல்லா இருக்காதுங்க்கா."

"எடு சொல்லுதேன்."

அவன் எடுத்தான். நிழல்கள் ஆடின. ஒரு தடவை காந்திமதி மேலே, ஒரு தடவை நால்வரும் மேலே, ஒரு தடவை ரஹ்மத் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு சீசன் கழித்துத் திரும்பி வந்தாள். ஒரு தடவை நால்வருமே சுமார். பேச்சி மூலையில் நிற்கும் பிடிகாரியாக மாறிய ஓட்டமும் ஒன்று இருந்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் ஒன்றுபோல் இன்னொன்று வரவில்லை. கடைசியில் எண்கள் வரவேண்டிய இடத்தில் இயந்திரம் நால்வருக்கும் ஒரே பதிலைத் தந்தது: கணிக்க இயலவில்லை.

"சொன்னேன்லீங்க" என்றான் தயாளன். "நீங்க இல்லீன்னா இதுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல."

ஆவுடைக்குச் செண்பகவல்லி நினைவு வந்தது. நிழலாட்டம் வந்த முதல் வருடத்தில் கழிக்கப்பட்டவள். போன தீபாவளிக்கு டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடையைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னது சரிதான்க்கா. எனக்குக் கால் மெதுவுதான். பொறவு ரெண்டு இடத்துல கூப்பிட்டாவ, நான்தான் போகல. நமக்கு அது வராதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லா" என்று சிரித்தாள். அன்றைக்கு ஆவுடை, பரவாயில்லை, புரிந்துகொண்ட பிள்ளை என்று மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். இப்போது அந்தச் சிரிப்புக்குள் தன் குரலே கேட்டது.

மறுநாள் காலையில் அண்ணாச்சியின் அலுவலகம். அவர் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு டம்ளர் வந்தது.

"காரணம் கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணாச்சி. நாலு பேரும் இருக்கட்டும்."

"அழுகல்?"

"அழுகல் இல்ல. ஒண்ணைக் கழிக்கணும்னு நாமளே ஒண்ணை அழுக வச்சுக்கிட்டு இருக்கோம்."

நேற்று பார்த்ததை எல்லாம் அவள் சொன்னாள். அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. அவர் படித்தவர் இல்லை. ஆனால் ஏமாளியும் இல்லை. காப்பி ஆறும்வரை கேட்டுவிட்டு, டம்ளரை மேசையில் வைத்தார்.

"எம் மூத்தவன் கதையும் இதானே. சின்னப் புள்ளயிலயே இவன் கடைக்கு ஆகமாட்டான்னு சொன்னேன். ஆகல. நாஞ் சொல்லிச் சொல்லித்தான் ஆகலைன்னு அவன் அம்மை இன்னமும் சொல்லுதா." ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவ சொல்லுதது சரியா தப்பான்னு எந்த மிஷின்லயும் போட்டுப் பாக்க முடியாதுல்லா?"

"முடியாது அண்ணாச்சி."

"சரி. நீ சொல்லுதது எனக்கு வெளங்குது. ஆனா ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. கழிக்க வேண்டாம்னு ஆயிட்டா, கழிக்கதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கும்மா?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. கணக்காகக் கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்பது ஆட்டோவில் வரும்போதே அவளுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிவிட்டாள். முழங்கால் ஒன்று போய்விட்டது. வேறு எந்த வேலையும் அவளுக்குத் தெரியாது.

"வேண்டாம்தான் அண்ணாச்சி" என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்லுதியா? பேச்சியைக் கழிச்சிட்டம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாம் இருந்தபடி இருக்கும். ஊர்க்காரன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"கழிச்சா அவ தேறமாட்டா. நான் சொன்னது பலிச்சிரும். அதான் அண்ணாச்சி பயமா இருக்கு."

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். "தன் தோலைத் தானே உரிச்சுக்கிடுத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். பிறகு, "நாலு பேருக்கும் இன்னும் ஒரு வருசம். உனக்கு இந்த மாசத்தோட சரி. காப்பியைக் குடி, ஆறிட்டு."

அவள் குடித்தாள். அண்ணாச்சி பேச்சு மாறாதவர். பேச்சியின் இடம் உறுதி. அது நிம்மதியாக இருந்தது. தன் இடம் போனது பயமாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. படி இறங்கும்போது இரண்டுமே கூட வந்தன.

நேரே ஆட்டக்களத்துக்குப் போனாள். பெண்கள் நீல விரிப்பின்மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் விசிலை எடுத்துவிட்டு வந்தார்.

"வாங்க ஆவுடை. சரியான நேரத்துக்கு வந்திய. பேச்சியைப் பாருங்க. நீங்க சொன்ன அந்தக் கழுத்துச் சீக்கு, அதை ஆறு மாசமா விரட்டி விரட்டி ஒழிச்சிட்டேன். போன வாரத்துல இருந்து ஒரு தடவைகூட திரும்பல."

ஆவுடை பார்த்தாள். முத்துப்பேச்சி உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆட்டம் காட்டினாள். கழுத்து விறைத்து, கண் எதிராளிமேல் அறைந்தபடி நின்றது. யாரும் பாயவில்லை. மெல்லச் சுற்றி வளைத்தார்கள். பின்வாங்கி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தாள்.

அவள் வேலையைக் கொடுத்து வாங்கி வந்த ஓராண்டு, இதோ, வந்து சேருமுன்பே பாதி செலவாகியிருந்தது. நேற்றுத் திரையில் பார்த்தபோது இன்னும் நடக்காதது என்று நினைத்தாளே, அது இங்கே விரிப்பின்மேல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆவுடைக்கு அழுகை முட்டியது. எல்லார் முன்னாலும் அழுதால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"ஏட்டி பேச்சி, இங்க வா."

முத்துப்பேச்சி மூச்சு வாங்க ஓடி வந்தாள். பத்தொன்பது வயது, ஆளைவிடக் கண் பெரிசு. ஆண்டு முடிவில் மதிப்பீட்டாளர் தனியாகக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மற்ற மூவரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இப்ப பாக்கதில்லக்கா" என்றாள் பேச்சி, கேட்குமுன்னே. "சத்தியமாப் பாக்கதில்ல. விட்டுட்டேன். மாஸ்டர்ட்ட வேணா கேட்டுக்கிடுங்க."

"அதில்லட்டி. முன்னால ஏன் பாத்த?"

பேச்சி விழித்தாள். ஓராண்டில் அவளை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பார்க்காதே என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"கோடு எங்க இருக்குன்னு பாப்பேங்க்கா."

"கோடு எங்க போயிரும்? இருந்த எடத்துலதான இருக்கும்."

"இங்க இருக்கும்." பேச்சி விரிப்பைப் பார்த்தாள். "நாங்க தேரியிலல்லா ஆடுவோம். சிவப்பு மணல். ஆடிக் காத்துல கோடு நிக்காதுக்கா. குதிகாலால கிழிச்சிட்டு உள்ள போவோம், பாடிட்டுத் திரும்புததுக்குள்ள காத்து மூடிரும். அதனால பாதியில ஒரு தடவை எல்லாரும் திரும்பிப் பாத்துக்கிடுவோம். பாக்காம இருக்க முடியாது. பாக்கும்போது பிடிக்க வருவாளுவ. வருவாளுவன்னு தெரியும்லா, அதனால காலை ரெடியா வச்சுக்கிடுவோம்."

வேலாயுதம் மாஸ்டர் விசில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், அவர்மேல் என்ன தப்பு? சொன்னதைச் செய்தார்.

ஆவுடை செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின்மேல் ஏறினாள். நடுக்கோடு வெள்ளை டேப்பால் ஒட்டியது. ஓரத்தில் குனிந்து, நகத்தால் நெம்பி, ஒரு முனையைக் கிளப்பினாள். முழங்கால் வலித்தது. சர்ரென்று உரித்துக்கொண்டே மறுமுனை வரை நடந்தாள். டேப்பை உருட்டிப் பந்தாக்கி வெளியே எறிந்தாள். விரிப்பு முழுக்க ஒரே நீலம்.

"ஆவுடை, என்ன செய்யிய?" என்றார் மாஸ்டர்.

"இன்னைக்கு இப்படி ஆடட்டும் மாஸ்டர். நாளைக்கு ஒட்டிக்கிடலாம்."

"கோடு இல்லாம எப்படிக்கா?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா. "வந்தாளா வரலையான்னு எப்படித் தெரியும்?"

"உங்க ஊர்ல எப்படிப் பேச்சி?"

"சண்டை போடுவோம்க்கா" என்றாள் பேச்சி. முதல்முறையாகச் சிரித்தாள். "பெருசாச் சண்டை போட்டுட்டு, குதிகாலால திரும்பக் கிழிச்சிட்டு, திரும்ப ஆடுவோம்."

"அப்படியே ஆடுங்க. நாலு பேருக்கும் இன்னும் ஒரு வருசம் உண்டு. அண்ணாச்சி சொல்லிட்டாரு."

தன்னைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் கத்திய கத்தலில் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. முதலில் காந்திமதி போனாள். பாதியில் தடுமாறி, கோடு இருந்த இடத்தைத் தேடிக் கழுத்தைத் திருப்பினாள். திருப்பிய கணத்தில் பிடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச்சி. உள்ளங்கையைத் தொடையில் துடைத்தாள். கபடி கபடி என்று உள்ளே போனாள். வலது பக்கம் ஆட்டம், இடது பக்கம் ஆட்டம். கழுத்து விறைத்தே இருந்தது. ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதம் விரட்டிய பழக்கம் ஒரு டேப்பை உரித்ததும் திரும்பி வந்துவிடுமா என்ன? நிழலைக் கேட்டால் நிழலுக்கும் தெரியாது.

அப்போது பேச்சி திரும்பிப் பார்த்தாள்.

மூலையில் நின்ற ரஹ்மத் பாய்ந்தாள். பேச்சியின் கால் அவள் தோளைத் தொட்டது. ரஹ்மத் இடுப்பைப் பிடித்தாள், காந்திமதி கணுக்காலைப் பிடித்தாள், மூவரும் மூட்டையாக உருண்டு நீலத்தின் நடுவில் விழுந்தார்கள். பேச்சியின் கை முழு நீளத்துக்கும் நீண்டு, விரல் நுனி விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன்!"

"வரல! கோடு இன்னும் அந்தால இருந்துச்சு!"

"ஏட்டி, இங்கதான் இருந்துச்சு, நான் பாத்தேம்லா!"

"நீ பாத்தா ஆச்சா?"

விழுந்து கிடந்தபடியே சண்டை போட்டார்கள். பிரிஸ்கில்லா ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். மாஸ்டர் விசிலை வாய்வரை கொண்டுபோய், ஊதத் தெரியாமல் நிறுத்தினார். கடைசியில் நாலு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கி, அந்தக் களத்தில் கண் தப்பாத ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. வந்தாளா, இல்லையா?"

ஆவுடைச்செல்வி அந்த விரல் நுனியைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் கோடு எங்கே இருந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அது அவளுக்குச் சுகமாக இருந்தது.

"எனக்குத் தெரியலட்டி" என்றாள்.

பேச்சி எழுந்து, பழக்க தோஷத்தில், நீல விரிப்பின்மேல் குதிகாலால் ஒரு கோடு இழுத்தாள். அது விழவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தாமல், அது விழுந்துவிட்டது போலவே இந்தப் பக்கம் வந்து நின்று, உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள்.